வீட்டுக் குழாயில் ஃபோம் கன் மாட்டி கார் கழுவுவது: சென்னைத் தண்ணீருக்கு ஏற்ற முறை

ஹோஸ் முனையில் மாட்டி சோப்பு நுரை அடிக்கும் ஃபோம் கன் நன்றாக வேலை செய்யுமா என்பதை அதன் விலையோ ஷாம்பூவின் பிராண்டோ முடிவு செய்வதில்லை. உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது, அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. மயிலாப்பூரில் பழைய தனி வீட்டில் சொட்டுச் சொட்டாகத் துப்பும் அதே கன், அண்ணா நகரில் நான்கு மாடி ஃபிளாட்டின் கீழே அருமையாக நுரை தள்ளும். அதனால் கடைக்குப் போகும் முன்பு குழாயடியில் பத்து நிமிடம் செலவழியுங்கள்.

விளம்பரப் படங்களில் வண்டியே தெரியாதபடி மூடி நிற்கும் கெட்டி நுரை, நூறு பார் அழுத்தத்துக்கும் மேலே தள்ளும் பிரஷர் வாஷரிலிருந்து வருவது. மாடித் தொட்டியை நம்பியிருக்கும் தோட்ட ஹோஸில் ஒன்று, ஒன்றரை பார்தான் கிடைக்கும். அதில் கொஞ்சம் நீர்த்த, சீக்கிரம் வழிந்துவிடும் நுரைதான் வரும். கவலைப்பட வேண்டாம், அதுவே போதும். கை வைத்துத் தேய்க்கும்போது பெயின்டின் மேல் வழுக்கலைக் கொடுத்து, மணல் துகள் கீறாமல் நழுவிப் போகச் செய்வதுதான் நுரையின் வேலை. நுரை அடித்துத் தண்ணீர் விட்டாலே கார் பளபளக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ரோட்டுப் புகையும் எண்ணெயும் சேர்ந்து படிந்த படலம் கை வைத்தால்தான் போகும்.

குழாயில் அழுத்தம் எவ்வளவு?

கணக்கு எளிது. தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கும் குழாய்க்கும் உள்ள உயர வித்தியாசம் 10 மீட்டர் என்றால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு மாடி, அதற்கும் மேலே தொட்டி என்றால் ஒன்றரை பார் வரும். ஸ்டில்ட்டும் இரண்டு மாடியும் இருந்தால் 1 பாரை ஒட்டி வரும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில், மொட்டை மாடியில் பிளாஸ்டிக் டேங்க் இருந்தால் 0.4 பார் கிடைப்பதே பெரிது.

உயரம் மட்டும் பார்த்தால் போதாது. இருபது வருடப் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் உள்ளே துருவும் உப்பும் படிந்து துளை சுருங்கிப் போயிருக்கும். ஆகவே ஒரு பக்கெட் சோதனையும் செய்யுங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் ஹோஸை முழு நீளத்துக்கும் மாட்டி, குழாயை முழுக்கத் திறந்து, 10 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 75 விநாடிக்குள் நிரம்பினால் நிமிடத்துக்கு 8 லிட்டர், தாராளம். ஒன்றரை நிமிடம் ஆனாலும் சமாளிக்கலாம். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் ஃபோம் கன் வாங்க வேண்டாம். கன்னுக்குள் இருக்கும் குறுகலான வழியில் தண்ணீர் வேகமாக ஓடும்போது உண்டாகும் உறிஞ்சலில்தான் பாட்டிலில் உள்ள சோப்பு மேலே ஏறுகிறது. வேகம் இல்லாத இடத்தில் உறிஞ்சலும் இல்லை. ஷாம்பூவை இரண்டு மடங்கு ஊற்றினாலும் அந்தக் குறை தீராது.

அழுத்தம் இல்லாதவர்களுக்கு இரண்டு வழி உண்டு. கையால் பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றும் 2 லிட்டர் ஃபோம் ஸ்ப்ரேயர் ஒன்று. குழாயே தேவையில்லை. ஒரு சின்ன காருக்கு இரண்டு தடவை நிரப்பினால் போதும், நுரையும் ஹோஸ் கன்னைவிடக் கெட்டியாக வரும். தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது இதைத்தான். இன்னொன்று, சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறும் மோட்டார் லைனில் ஒரு குழாய் பிரித்து வைத்திருந்தால், மோட்டார் ஓடும் நேரத்தில் அதில் மாட்டிக்கொள்வது. அந்த லைன் தொட்டிக்கும் திறந்தே இருக்க வேண்டும். தொட்டி வால்வை மூடிவிட்டு மோட்டாரை ஹோஸுக்கு மட்டும் ஓட்டி, நடுவில் கன்னின் டிரிகரை விட்டால் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. மோட்டார் சூடேறும், ஹோஸ் கழன்று அடிக்கும். மெட்ரோ வாட்டர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கக் கூடாது, அது விதிமீறல்.

உப்புத் தண்ணீர்

சென்னையில் கார் கழுவுகிறவர்களின் பெரிய தலைவலி இதுதான். கழுவி முடித்த அரை மணியில் கறுப்பு வண்டியின் பானெட்டில் வெள்ளை வட்டங்கள் தெரிந்தால் ஷாம்பூவைக் குறை சொல்லாதீர்கள், போர் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் விலை அதிகமில்லை. ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருகிறவரிடமும் இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. கடலை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆயிரம் என்றால், ஒரு லிட்டர் தண்ணீர் பெயின்டின் மேல் காய்ந்ததும் 1 கிராம் உப்பு அங்கேயே தங்குகிறது. அதில் கால்சியமும் மெக்னீசியமும் வெயிலில் இறுகி ஒட்டிக்கொள்ளும்.

500-க்குக் கீழே இருந்தால் கழுவியதும் துடைத்தாலே போதும். அதற்கு மேல் போனால், அதே தண்ணீரில் முழுக்கக் கழுவிவிட்டுக் கடைசி அலசலை மட்டும் வேறு தண்ணீரில் செய்யுங்கள். அந்த வேறு தண்ணீர் உங்கள் வீட்டிலேயே கிடைக்கிறது. ஏ.சி.யிலிருந்து வெளியேறும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க ஓடும் ஒன்றரை டன் ஏ.சி.யின் டிரெய்ன் பைப்புக்கு அடியில் ஒரு பக்கெட் வைத்தால், காலையில் பாதிக்குக் குறையாமல் இருக்கும். பழைய பனியன் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஒரு காருக்கு 5, 6 லிட்டர் போதும். மாடியில் பிடித்த மழைத் தண்ணீரும் இதே போல நல்லது.

பலரும் கார் கழுவ என்று எடுத்து வைக்கும் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் வடிகட்டியில் நின்ற உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, குழாய்த் தண்ணீரைவிட அது கடினமானது. சக்கரத்துக்கும் மட்கார்டு உள்புறத்துக்கும் ஊற்றுங்கள். கடைசி அலசலுக்கு அதைத் தொடாதீர்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்

கன்னில் பார்க்க வேண்டியவை மூன்று. 1 லிட்டர் பாட்டில் இருக்க வேண்டும். கழுத்தில் சோப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும். நுரைப் பாட்டிலை ஒரு சொடுக்கில் கழற்றிவிட்டு, அதே கைப்பிடியில் வெறும் தண்ணீர் அடிக்க முடிய வேண்டும். மூன்றாவது இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் குழாயடிக்கு ஓட நேரிடும். பிளாஸ்டிக் கனெக்டர்கள் வெயிலில் ஒரு கோடை தாங்கினால் அதிகம். பித்தளை கனெக்டரைத் தனியாக வாங்கி மாட்டுங்கள். கார் சாமான்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பைப் சாமான்களுக்குப் பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகள், இல்லை உங்கள் தெருமுனைக் கடையே போதும்.

ஹோஸ் வாங்கும்போது உள்ளே நைலான் பின்னல் போட்ட பி.வி.சி. ஹோஸாகக் கேளுங்கள். பின்னல் இல்லாத ட்யூப் வெயிலில் இளகி மடங்கிக்கொள்ளும். அழுத்தம் குறைவான வீடுகளில் அரை இஞ்ச் ஹோஸுக்குப் பதில் முக்கால் இஞ்ச் போட்டு, கடைசியில் அளவைக் குறைத்து இணைக்கும் ரெட்யூசர் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நீளமும் தேவைக்கு மேல் வேண்டாம். காரைச் சுற்றி வர 15 மீட்டர் போதும், 30 மீட்டர் ஹோஸ் இருக்கிற கொஞ்ச அழுத்தத்தையும் விழுங்கிவிடும். குழாய் மூக்கில் வெறுமனே சொருகாமல் கிளிப் போட்டு ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குங்கள். திருகும் கனெக்டர் என்றால் டெஃப்லான் டேப் ஐந்தாறு சுற்று. கன்னும் ஹோஸும் சேரும் இடத்தில் ஒழுகினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் விழுந்து தொலைந்திருக்கும். இரண்டு வாஷர் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, துடைக்க 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 400 கிராம் எடை) அளவில் பெரிய மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு, சக்கரத்துக்குத் தனி பிரஷ், தனி துணி. ஸ்பாஞ்ச் வேண்டாம். அதன் தட்டையான முகத்தில் மணல் ஒட்டி நிற்கும், அப்படியே பெயின்டில் இழுபடும். கையுறையின் இழைகள் மணலை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. பெயின்டுக்கு மேலே நிறமில்லாமல் பூசியிருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலத் தெரியும் மெல்லிய கீறல்கள் எல்லாம் அதில் விழுபவை. அவற்றில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும்தான் விழுகின்றன.

ஷாம்பூ, அமிலமும் காரமும் இல்லாத, பி.எச். நடுநிலையான கார் ஷாம்பூவாக இருக்கட்டும். பாத்திரம் கழுவும் லிக்விட் எண்ணெய்ப் பசையை எடுப்பதற்காகவே செய்யப்பட்டது. பெயின்டைக் காக்கும் மெழுகையும் அது சேர்த்தே எடுத்துவிடும். துணி சோப்புத் தூள் அதைவிட மோசம், காரத்தன்மை அதிகம், ரப்பர் பீடிங் வெளுத்துப்போகும்.

கலவை

பாட்டிலில் முதலில் தண்ணீர், பிறகு ஷாம்பூ. மாற்றி ஊற்றினால் பாட்டிலிலேயே நுரை பொங்கி நிரம்பிவிடும். 1 லிட்டர் பாட்டிலுக்கு 60 மி.லி. என்று தொடங்குங்கள். இருமல் மருந்து மூடி அளவில் ஆறு மூடி. பாட்டிலைக் குலுக்க வேண்டாம், இரண்டு தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் கலந்துவிடும்.

கன்னின் திருகில் போட்டிருக்கும் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். உங்கள் குழாயில் என்ன விகிதம் வருகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பாட்டிலில் வெறும் தண்ணீரை நிரப்பி, திருகை நடுவில் வைத்து, அது காலியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 2 நிமிடம் ஆகிறது, உங்கள் குழாய் நிமிடத்துக்கு 8 லிட்டர் தருகிறது என்றால், 16 லிட்டர் தண்ணீரோடு பாட்டிலில் இருந்த 1 லிட்டர் கலக்கிறது. அதாவது 60 மி.லி. ஷாம்பூ 17 லிட்டரில், ஏறக்குறைய 1:280. பக்கெட்டில் கலக்க ஷாம்பூ டப்பாவில் என்ன விகிதம் போட்டிருக்கிறதோ அதனுடன் ஒப்பிட்டுத் திருகைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். உப்புத் தண்ணீரில் நுரை குறைவாகத்தான் வரும், அப்போது 80 மி.லி. வரை போகலாம். பாட்டிலில் மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி நுரையைக் கூட்ட முடியாது. அதனோடு சேரும் 16 லிட்டரும் குழாய்த் தண்ணீர்தானே.

கழுவும் வரிசை

நேரம் முக்கியம். காலை ஏழு மணிக்கு முன்னால், இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு. பானெட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் காத்திருங்கள். சூடான தகட்டில் நுரை ஒரு நிமிடத்தில் காய்ந்து கறையாகப் படியும். ஓட்டிவந்த உடனே சக்கரத்தில் தண்ணீர் அடிக்கவும் கூடாது. சூடான பிரேக் டிஸ்க் திடீரெனக் குளிர்ந்தால் வளைந்துபோகலாம். அரை மணி விடுங்கள்.

கண்ணாடிகள், பெட்ரோல் மூடி, மின்சார வண்டியாக இருந்தால் சார்ஜிங் மூடி எல்லாம் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சக்கரத்தில் தொடங்குங்கள். அதுதான் அதிக அழுக்கு, அதைக் கடைசிக்கு வைத்தால் கழுவிய கதவில் சேறு தெறிக்கும். சக்கரத்துக்கு எடுத்த பிரஷையும் துணியையும் வண்டியின் வேறெந்தப் பாகத்திலும் வைக்கக் கூடாது. பிரேக் தூளில் இரும்புத் துகள் இருக்கிறது.

அடுத்து வைப்பர் அடியில் இருக்கும் கறுப்பு ஜாலி. அங்கே வேப்பிலையும் புங்கம் பூவும் குவிந்திருக்கும், மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கையால் பொறுக்கி எடுங்கள். தண்ணீர் அடித்துத் தள்ளினால் உள்ளே போய் வடிகால் துளையை அடைக்கும். பிறகு மழைக்காலத்தில் தண்ணீர் கால் வைக்கும் இடத்துக்கு இறங்கும். காகம், புறா எச்சம் இருந்தால் தேய்க்காதீர்கள். நனைத்த டிஷ்யூவை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறியதும் அப்படியே வழித்து எடுங்கள். எச்சத்தில் விதைத் தோலும் மண்ணும் இருக்கும், அமிலமும் இருக்கும். மே மாத வெயிலில் ஒரு பகல் விட்டாலே பெயின்டில் தடம் விழுந்துவிடும்.

இப்போது வெறும் தண்ணீரில் மேலிருந்து கீழாக இரண்டு நிமிடம். இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். மெட்ரோ ரயில் வேலை நடக்கும் சாலைகளில் ஓடும் வண்டியில் சிமென்ட் தூளும் மணலும் ஏறியிருக்கும். கை படுவதற்கு முன் எவ்வளவு போகிறதோ அவ்வளவு கீறல் குறையும். சக்கர வளைவுகளின் உள்விளிம்பிலும் கதவுகளின் அடிவிளிம்பிலும் தண்ணீரைக் கீழிருந்து மேலாகக் காட்டுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் வண்டியின் அடிப்பாகத்தையும் நன்றாக நனைத்துக் கழுவுங்கள். உப்புக் காற்றில் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

நுரையைக் கீழிருந்து மேலே அடியுங்கள். கீழ்ப்பகுதியில் அழுக்கு அதிகம், அங்கே கூடுதல் நேரம் ஊறட்டும். வண்டியை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்வது நல்லது, ஒரு பாதிக்கு அரை பாட்டில். டிசம்பரில் ஐந்து நிமிடம் ஊறலாம், மே மாதத்தில் இரண்டே நிமிடம். காயத் தொடங்கினால் உடனே இன்னொரு சுற்று அடியுங்கள்.

ஊறியதும் கையுறை. சோப்பு வண்டியின் மேலேயே இருப்பதால் சோப்புப் பக்கெட் தேவையில்லை, கையுறையை அலசச் சுத்தமான தண்ணீர் ஒரு பக்கெட் போதும். கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, கடைசியில் பம்பரும் கீழ்ப்பாதியும். வட்ட வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில், கையுறையின் எடை மட்டும் படும்படி இழுங்கள். ஒரு கதவு முடிந்ததும் பக்கெட்டில் முக்கி, பிழிந்து, மறுபுறம் திருப்பி அடுத்த கதவு. பக்கெட்டின் அடியில் மணல் தெரியத் தொடங்கினால் தண்ணீரை மாற்றுங்கள். கையுறை தரையில் விழுந்தால் அன்றைக்கு அதை மறந்துவிடுங்கள். உதறி எடுத்தாலும் இழைக்குள் போன மணல் வராது.

பிறகு பாட்டிலைக் கழற்றிவிட்டு மேலிருந்து கீழாக அலசுங்கள். கண்ணாடி மடிப்பு, நம்பர் பிளேட் பின்புறம், கதவுக் கைப்பிடிக் குழி எல்லாம் சோப்பு ஒளிந்துகொள்ளும் இடங்கள். பானெட்டைத் திறந்து எஞ்சின் பக்கம் ஹோஸைக் காட்டவே கூடாது. ஃபியூஸ் பாக்ஸும் சென்சார் வயர்களும் அங்கே இருக்கின்றன. ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஏ.சி. தண்ணீர். பூவாளியில் ஊற்றி, கூரையிலிருந்து மெல்லிய தாரையாக வழிய விடுங்கள். ஸ்ப்ரே செய்தால் முத்து முத்தாக நிற்கும். தாரையாக விட்டால் படலமாகச் சேர்ந்து கீழே இறங்கும்போது உப்புத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். துடைக்க வேண்டியதும் பாதியாகும். துண்டை விரித்து வைத்து மெதுவாக இழுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். கதவுகளையும் டிக்கியையும் திறந்து ரப்பர் ஓரங்களைத் துடையுங்கள். பிறகு தெருவை ஒரு சுற்று சுற்றி, நாலைந்து தடவை பிரேக் மிதியுங்கள். ஈரமான டிஸ்க்கில் மறுநாளே செம்மஞ்சள் துரு படியும். அது பயப்படும் விஷயம் இல்லை, முதல் சில பிரேக்கிலேயே போய்விடும், ஆனாலும் காய வைத்துவிடுவது நல்லது.

தண்ணீர் எவ்வளவு செலவாகும்? நனைக்க 16 லிட்டர், நுரைக்கு 17, அலச 24, பக்கெட்டும் சக்கரமும் சேர்த்து 25 முதல் 30 லிட்டர். ஆக 80, 90 லிட்டர். டிரிகர் இல்லாத ஹோஸைத் தரையில் ஓடவிட்டு இருபது நிமிடம் கழுவினால் இதே குழாயில் 160 லிட்டர் போய்விடும். இருந்தாலும் பக்கெட்டும் துணியும் வைத்துக் கழுவுவதைவிட ஃபோம் கன்னுக்குத் தண்ணீர் கூடுதலாகவே ஆகும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே குடத்தோடு லாரிக்கு நின்றது. அப்படிப்பட்ட மாதங்களில் கன்னைப் பரணில் போட்டுவிட்டு ஒரு பக்கெட்டில் முடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டால்

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நிழலில், குளிர்ந்த பெயின்டில், துணியை நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். புதிய திட்டுகள் கரைந்துவிடும். அந்த இடத்தில் மெழுகும் கொஞ்சம் போயிருக்கும் என்பதால் வாக்ஸ் போட்டுவிடுங்கள். அதற்கும் போகாதவை பெயின்டுக்குள் இறங்கிவிட்டவை, பாலிஷ் போட்டால்தான் போகும். வாரா வாரம் வினிகரில் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

நாள் பார்த்துக் கழுவ வேண்டியவை

போகி அன்று காலை வண்டிமேல் படியும் கரி எண்ணெய்ப் பசையுள்ளது. காய்ந்த துணியால் தட்டினால் கறுப்பாக இழுபட்டுக் கீறும். தண்ணீர், நுரை, அப்புறம்தான் கை. தீபாவளி பட்டாசுச் சாம்பலுக்கும் இதேதான். ஆயுத பூஜைக்கு ஊரில் எல்லாக் காரும் கழுவப்படுகிறது, ஆனால் பூஜைக்கு அடுத்த நாள் கழுவுவதுதான் வண்டிக்கு முக்கியம். குழைத்த சந்தனமும் குங்குமமும் வெள்ளை வண்டியில் நாள்பட நின்றால் சாயம் ஏறும். முன்பக்கம் கட்டிய வாழைக்கன்றின் சாறு சொட்டினால் காய்ந்து பழுப்புக் கறையாகிவிடும், பிறகு எளிதில் போகாது. விபூதியைக் காய்ந்தபடி துடைத்தால் அது நைசான உப்புத்தாள் வேலையைச் செய்யும். பொட்டைக் கண்ணாடியில் வைப்பது நல்லது.

வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிவந்தால், அன்றைக்கே வெறும் தண்ணீரால் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் கழுவுங்கள். நுரை அவசியமில்லை. அந்தச் சேறு காய்ந்தால் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஃபிளாட்டில் தினமும் கார் துடைக்க ஆள் வைத்திருந்தால் ஒன்று செய்யுங்கள். பத்து வண்டிக்கு ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணி என்பதுதான் கீறல்களுக்குக் காரணம், துடைக்கிற அண்ணன் அதற்குப் பொறுப்பு இல்லை. உங்கள் வண்டிக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் ஒரு சிறு பக்கெட்டும் கொடுத்துவிடுங்கள். தூசி அதிகமுள்ள நாளில் கண்ணாடிகளை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள்.

சோப்புத் தண்ணீர் எங்கே போகிறது

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல ஃபிளாட்டுகளில் கேட் ஓரம் ஜாலி போட்ட கால்வாய் நேராக மழைநீர்க் குழிக்கோ உறிஞ்சு கிணற்றுக்கோ போகிறது. அதன் பக்கத்தில் கார் கழுவினால் சோப்பும் பிரேக் தூளும் எண்ணெயும் உங்கள் போர் இருக்கும் மண்ணுக்குள்ளேயே இறங்கும். சேறு அடைத்து, மழை வரும்போது குழி தண்ணீரை உறிஞ்சாமல் நிற்கும். தெருவுக்குத் தள்ளினாலும் சரியில்லை. மழைநீர் வடிகால்கள் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் வழியே கடலுக்குத்தான் போகின்றன. கழிவுநீர் லைனுக்குப் போகும் சாக்கடை எது என்று அசோசியேஷன் பிளம்பரிடம் கேட்டு, அந்தப் பக்கம் சரியும் இடத்தில் நிறுத்திக் கழுவுங்கள்.

கன் மக்கர் செய்தால்

வெறும் தண்ணீர்தான் வருகிறது, பாட்டிலில் சோப்பு குறையவில்லை என்றால், உள்ளே தொங்கும் குழாயின் நுனியில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றிப் பாருங்கள். போர் மணலும் காய்ந்த ஷாம்பூவும் அடைத்திருக்கும். அது சுத்தமாக இருந்தும் வரவில்லை என்றால் பாட்டிலைக் கவனியுங்கள். அடிக்கும்போது அதன் பக்கங்கள் உள்ளே ஒடுங்கினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. காற்று போகாமல் சோப்பு மேலே வராது. ஒரு குண்டூசியால் குத்திவிட்டால் சரியாகும். மாறாக, பாட்டிலில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தால் முன்முனையில் உப்பு படிந்து வழி குறுகியிருக்கும், அல்லது ஒருவழி வால்வு சிக்கியிருக்கும். இரண்டையும் சம அளவு வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்துக் கழுவுங்கள். முதலில் நன்றாக அடித்துப் போகப் போக நுரை குறைந்தால் ஹோஸ் எங்கோ சக்கரத்துக்கு அடியில் மாட்டி மடங்கியிருக்கும்.

வேலை முடிந்ததும் பாட்டிலில் நல்ல தண்ணீர் ஊற்றி, அது காலியாகும் வரை அடியுங்கள். பெரும்பாலான கன்கள் கெட்டுப்போவது இந்த ஒன்றைச் செய்யாமல்தான். குழாயை மூடி, டிரிகரை அழுத்தி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுக் கழற்றுங்கள். திறந்த குழாயில் கன்னோடு விட்டால் ஹோஸ் உப்பி கிளிப் இடத்தில் பிய்யும். நுரைக் கன் மாட்டிய ஹோஸையோ, பக்கெட்டில் மூழ்கிய ஹோஸ் முனையையோ குழாயோடு விட்டுவைக்கவும் வேண்டாம், தொட்டி காலியாகும் நேரத்தில் சோப்புத் தண்ணீர் லைனுக்குள் திரும்ப ஏற வழியிருக்கிறது. ஹோஸை ஒரு முனையிலிருந்து தோளில் போட்டு நடந்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்து, நிழலில் சுருட்டி மாட்டுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது, பக்கெட்டையும் பூவாளியையும் கவிழ்த்து வையுங்கள்.